நோயாளிக்குப் பக்கத்தில் யார்?

தென்னிந்தியக் கிராமங்களில் கண் நோயுள்ளவர்களில் எத்தனை பேர் இலவசக் கண் முகாமுக்குப் போகிறார்கள் என்று ஓர் ஆய்வு கணக்கெடுத்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்தவர்களும் அதில் பங்கேற்றார்கள். 1999இல் வெளியான முடிவு, முகாம்களை நடத்திவந்தவர்களுக்கே அதிர்ச்சி தரக்கூடியது. போனவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. முகாமில் பரிசோதனைக்குக் காசில்லை. இருந்தும் மீதிப் பேர் ஏன் வரவில்லை என்று அவர்களிடமே கேட்டபோது கிடைத்த காரணங்களை இன்றைக்கும் எந்த ஊர்த் திண்ணையிலும் கேட்கலாம். ஆபரேஷன் என்றால் பயம், செலவு, வீட்டுப் பொறுப்பு, இருக்கிற பார்வையை வைத்துச் சமாளித்துக்கொள்ளலாம் என்ற நினைப்பு, இந்த வயதில் இனி என்ன என்ற சலிப்பு. 

இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். நிபுணர் இல்லை என்பது இதில் வரவில்லை. அதுவும் ஒரு தடைதான், ஆனால் அது மட்டுமே காரணமாக இருந்திருந்தால் முகாமுக்கு நிபுணர் வந்த அன்றைக்குக் கூட்டம் நிறைந்திருக்கும். நோயாளிக்கும் மருத்துவத்துக்கும் நடுவே கிடக்கும் தூரத்தில் கிலோமீட்டரில் அளக்கக்கூடியது ஒரு பங்குதான். மீதி வீட்டுக்குள் இருக்கிறது, மனசுக்குள் இருக்கிறது, யார் கூட வருவார்கள் என்பதில் இருக்கிறது. தொலைமருத்துவத்தைப் பற்றிப் பேசும்போது கேமரா, இணைய வேகம், செயலி என்றே பேச்சு ஓடுகிறது. அது முதல் பங்கைத்தான் தொடுகிறது. இரண்டாவது பங்கைத் தொடுவதற்கு நோயாளிக்குப் பக்கத்தில் ஓர் ஆள் தேவை. அந்த ஆள் யார், அவருக்கு என்ன தெரியும், அவருக்கு என்ன சம்பளம் என்ற கேள்விகள்தான் இந்தத் துறையின் தலைவிதியைத் தீர்மானிக்கின்றன என்பது என் துணிபு. தமிழ்நாட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடந்துவருவதைப் பார்த்தே அதைச் சொல்கிறேன்.

1976இல் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த், 2004இல் தேனிப் பகுதியில் விழித்திரையோ கண்புரையோ அறுக்காத ஒரு சிறு அமைப்பைத் தொடங்கியது. பெயர் கண் பரிசோதனை மையம். சிற்றூரின் கடைத்தெருவில், ஒரு சின்னக் கட்டடத்தில் இருக்கும். உள்ளே மருத்துவர் இருக்க மாட்டார். வருகிறவரின் பெயரைப் பதிந்து, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்லி, பிறகு ஸ்லிட் லேம்ப் கருவியின் முன்னால் உட்கார வைப்பார் ஒரு சிஸ்டர். தாடையை அதன் மேடையில் வைக்கத் தெரியாமல் கிழவர் தலையைப் பின்னுக்கு இழுப்பார். சிஸ்டர் ஒரு கையால் அவர் பிடரியை மெல்ல முன்னுக்குத் தள்ளி, நெற்றியைப் பட்டையில் பொருத்தி, “என் காதைப் பாருங்க தாத்தா, வெளிச்சத்தைப் பார்க்காதீங்க” என்பார். கண்ணின் படமும் அவர் எழுதிய குறிப்பும் கணினி வழியே தலைமை மருத்துவமனைக்குப் போகும். அங்கிருந்து மருத்துவர் திரையில் தோன்றி நோயாளியிடம் நேரடியாகப் பேசுவார். பேச்சு சில நிமிடங்களில் முடிந்துவிடும். கண்ணாடி போதுமென்றால் அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். கண்புரை முற்றியிருந்தால் எந்த நாளில் எங்கே போக வேண்டும், யாரைக் கூட்டிப்போக வேண்டும், எத்தனை நாள் தலைக்குக் குளிக்கக் கூடாது என்பதையெல்லாம் மறுபடியும் சிஸ்டர்தான் உட்கார வைத்துச் சொல்வார்.

இந்தச் சிஸ்டர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு வந்து, அரவிந்திலேயே இரண்டு ஆண்டுப் பயிற்சி பெற்ற பெண்கள். ‘என்ன தாத்தா, போன வாரம் வரேன்னீங்க’ என்று கேட்கும் உரிமை அவர்களுக்கு இருக்கிறது. மருத்துவருக்கு அந்த உரிமை கிடையாது. ஆய்வு அடுக்கிய காரணங்களில் பயத்துக்கும் வீட்டுப் பொறுப்புக்கும் விடை சொல்லும் இடம் இந்த உரையாடல்தான். இன்று நூற்றுக்கு மேற்பட்ட மையங்கள் இப்படி இயங்குகின்றன.

தேனியில் அன்றைக்கு நம்பத்தகுந்த இணையம் கிடையாது. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் பிரூவரின் குழு, வீட்டுக்குள் பயன்படும் சாதாரண வைஃபை கருவிகளைக் கோபுரங்களில் ஏற்றி, திசையறி ஆண்டெனாக்கள் வைத்து, 15 கிலோமீட்டர் வரைகூட எட்டும்படி மாற்றியமைத்துக் கொடுத்தது. அந்த வலையமைப்பைச் சில ஆண்டுகள் பராமரித்த அனுபவத்தை 2008இல் அவர்கள் ஒரு கட்டுரையாக எழுதினார்கள். தங்களைத் தோற்கடித்தது அலைவரிசையோ மென்பொருளோ அல்ல, மின்சாரம்தான் என்பது அதன் சாரம். மின்னழுத்தம் திடீரென எகிறும்போது கருவிகள் எரிந்துபோயின, மின்கலங்கள் செத்தன. எங்கே கோளாறு என்று தொலைவிலிருந்து கண்டுபிடிப்பது பெரும்பாடு. எனவே உள்ளூர் ஊழியர்களுக்கே பழுது பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். கம்பியில்லாத் தொடர்புகூடப் பக்கத்தில் ஒரு கை இல்லாமல் உயிரோடு இருக்கவில்லை.

தொலைவிலிருந்து உடலை அறியும் ஆசைக்கு வயது நூற்றுக்கு மேல். 1905இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் வில்லம் ஐந்தோவன், மருத்துவமனையில் படுத்திருந்தவரின் இதயத் துடிப்பு மின்னலைகளை ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளியிருந்த தம் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசிக் கம்பி வழியே வரவழைத்துப் பதிவு செய்தார். இந்தியாவில் இந்தத் துறையின் பெயர் பரவியது அரகொண்டாவில். சித்தூர் மாவட்டத்தில் அப்பல்லோ நிறுவனர் பிரதாப் ரெட்டியின் சொந்த ஊர் அது. 2000 மார்ச்சில் அமெரிக்க அதிபர் பில் கிளின்டன் இந்தியா வந்திருந்தபோது அங்கிருந்த மருத்துவமனையின் செயற்கைக்கோள் இணைப்பு முறைப்படி தொடங்கிவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலிருந்து இஸ்ரோ தன் செயற்கைக்கோள்கள் வழியே மாவட்ட மருத்துவமனைகளைப் பெருநகர மருத்துவமனைகளோடு இணைக்கத் தொடங்கியது. தட்டு ஆண்டெனா பொருத்துவதும் விழா எடுப்பதும் எளிது. இணைப்பு வந்த பிறகு அந்தத் திரையின் முன்னால் தினமும் நோயாளியைக் கொண்டுவந்து உட்கார வைக்க ஒருவர் நியமிக்கப்பட்டாரா என்பதைப் பொறுத்தே எந்த இடம் நிலைத்தது, எந்த இடத்தில் கருவிமேல் துணி மூடியது என்பது முடிவானது.

பிறகு 2020 வந்தது. மார்ச் 25, நாடு முழுவதும் ஊரடங்கின் முதல் நாள். அன்றுதான் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டு நெறிகளை இந்திய மருத்துவக் கழகத்தின் இடத்தில் அன்றைக்குச் செயல்பட்ட ஆளுநர் குழு, நிதி ஆயோக்குடன் சேர்ந்து வெளியிட்டது. அதற்கு முன்பு தொலைபேசியில் மருந்து சொல்வது சட்டப்படி சரியா, தவறா என்பதே மங்கலாக இருந்தது. 2018இல் பம்பாய் உயர் நீதிமன்றம், தொலைபேசி வழியே சிகிச்சை சொன்ன மருத்துவர்களின் வழக்கில் முன்ஜாமீன் மறுத்தபோது பல மருத்துவர்கள் வாட்ஸ்அப்பில் பதில் சொல்வதற்கே அஞ்சினார்கள். புதிய நெறிகள் அந்த அச்சத்தை நீக்கின. காணொளி, குரல், எழுத்து மூன்றும் ஏற்கப்பட்டன. நோயாளியை நேரில் பார்த்தாக வேண்டுமா என்பதை மருத்துவரே தீர்மானிக்கலாம். முதல் உரையாடலிலேயே எழுதக்கூடிய மருந்துகள், தொடர்சிகிச்சையில் மட்டும் எழுதக்கூடியவை, எக்காரணம் கொண்டும் எழுதக் கூடாத போதைத்தன்மையுள்ளவை என்று பட்டியல்கள் பிரிக்கப்பட்டன. செயற்கை நுண்ணறிவு தானாக மருந்து எழுதக் கூடாது என்று அன்றே சொல்லிவைத்தார்கள்.

அந்த ஆவணத்தில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. நோயாளி மருத்துவரை அழைப்பது ஒரு முறை. நோயாளியின் பக்கத்தில் இருக்கும் சுகாதார ஊழியர், பரிசோதித்துவிட்டு மருத்துவரை அழைப்பது இன்னொரு முறை. இரண்டையும் நெறிகள் தனித்தனியே வரையறுக்கின்றன. மத்திய அரசின் இ-சஞ்சீவனி இரண்டுக்கும் கிளை வைத்திருக்கிறது. முதலில், 2019 நவம்பரில், சுகாதார நிலையங்களுக்கான கிளை தொடங்கியது. வீட்டிலிருந்தே அழைக்கும் கிளை ஊரடங்கின்போது 2020 ஏப்ரலில் வந்தது, அதை முதலில் மிகுதியாகப் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. 2023 பிப்ரவரியில் மொத்த ஆலோசனைகள் 10 கோடியை எட்டின. அவற்றில் மிகப் பெரும்பகுதி சுகாதார நிலையங்கள் வழியே, அதாவது ஓர் ஊழியர் பக்கத்தில் இருக்க, நடந்தவை. கைபேசியை எடுத்தால் மருத்துவர் வருவார் என்று விளம்பரங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில், மக்கள் பெருமளவு பயன்படுத்தியது பக்கத்தில் ஆள் இருந்த வழியைத்தான்.

ஏன் அப்படி என்பதற்குப் பாதத்தை எடுத்துக்கொள்கிறேன்.

சர்க்கரை நோயாளி ஒருவர் வீட்டிலிருந்து காணொளியில் மருத்துவரைப் பார்க்கிறார். முகம் தெரிகிறது. சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின் என்று இரண்டு எண்களைச் சொல்கிறார். மருந்து கூட்டப்படுகிறது அல்லது அப்படியே தொடர்கிறது. மூன்று நிமிடம், நான்கு நிமிடம். அவருடைய கால் மேசைக்குக் கீழே செருப்புக்குள் இருக்கிறது. பல ஆண்டுச் சர்க்கரையில் நரம்பு மங்கிய காலுக்கு முள் தைத்தாலும் தெரியாது, செருப்பின் ஆணி உறுத்தினாலும் தெரியாது. இரண்டு விரல்களுக்கு நடுவே தோல் வெடித்து ஈரம் கசிந்துகொண்டிருக்கும், வலிக்காததால் அவர் சொல்ல மாட்டார். வலிக்காததுதான் அங்கே ஆபத்து. அதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. 10 கிராம் அழுத்தத்தில் வளையும் ஒரு நைலான் இழை போதும். அதைப் பாதத்தின் சில இடங்களில் வைத்து அழுத்தி, ‘தெரியுதா?’ என்று கேட்க வேண்டும். நோயாளி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஆனால் யாராவது குனிந்து செருப்பைக் கழற்றி, காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் குனிதலைத் திரையால் செய்ய முடியாது. கால் வெட்டப்படும் பல நோயாளிகளின் கதை, யாரும் குனிந்து பார்க்காத சில மாதங்களின் கதை.

சென்னை நீரிழிவு மருத்துவர் வி. மோகனின் குழு, அன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்துச் சூணாம்பேட்டில் நடத்திய திட்டம் இந்தக் குனிதலுக்கு இடம் வைத்திருந்தது. 42 கிராமங்கள். செயற்கைக்கோள் இணைப்புள்ள ஒரு வேன் ஊர் ஊராகப் போனது. விழித்திரைப் படம், இதய மின்வரைபடம் ஆகியவற்றோடு, பாதத்தின் நரம்பு உணர்ச்சியையும் ரத்த ஓட்டத்தையும் அளக்கும் கருவிகளும் அதில் இருந்தன. வேன் வருவதற்கு முன்பே உள்ளூர்த் தொண்டர்கள் வீடு வீடாகப் பேசி வைத்திருப்பார்கள். அந்தக் கிராமங்களின் வயது வந்தோரில் 86.5 சதவீதம் பேர் பரிசோதிக்கப்பட்டார்கள். இலவச முகாமுக்கு நூற்றுக்கு ஏழு பேர்கூடப் போகாத நிலையை இதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நோயும் ஆய்வு முறையும் வேறுவேறுதான், என்றாலும் இந்த இடைவெளி என்னை யோசிக்க வைக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அங்கேயே ஒரு கிராமப்புறக் கிளினிக் அமைக்கப்பட்டது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி அளவு ஓராண்டில் சராசரியாக 9.3லிருந்து 8.5க்கு இறங்கியது. பெருநகர மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியிருந்தவர்கள் 5 சதவீதத்துக்கும் குறைவு.

அளவுகள் இறங்குவது நல்லதுதான். அது மட்டும் போதுமா என்று கேட்கும் ஆய்வு இங்கிலாந்திலிருந்து வந்தது. சர்க்கரை, நாள்பட்ட நுரையீரல் அடைப்பு, இதயச் செயலிழப்பு உள்ள 3,230 பேரை வைத்து கார்ன்வால், கென்ட், லண்டனின் நியூஹாம் ஆகிய மூன்று பகுதிகளில் அரசே நடத்திய பெரும் சோதனை அது. பாதிப் பேருக்கு வீட்டில் கருவிகள் தரப்பட்டன. அவர்கள் தினமும் ரத்த அழுத்தம், எடை, ஆக்ஸிஜன் அளவு போன்றவற்றை அனுப்புவார்கள், செவிலியர்கள் தொலைவிலிருந்து கண்காணிப்பார்கள். 2012இல் வெளியான முடிவில், கருவி பெற்றவர்களில் ஓராண்டில் இறந்தவர்கள் 4.6 சதவீதம், மற்றவர்களில் 8.3 சதவீதம். மருத்துவமனையில் சேர வேண்டிய நிலையும் குறைந்திருந்தது. உலகமே உற்சாகப்பட்டது. அடுத்த ஆண்டு அதே சோதனையின் இன்னொரு பகுதி வெளியானது. அந்த நோயாளிகளின் வாழ்க்கைத் தரத்திலும் பதற்றத்திலும் மனச்சோர்விலும் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதுமில்லை. செலவைக் கணக்கிட்டபோது, நல்வாழ்வு ஆண்டு ஒன்றைக் கூட்டிக்கொடுக்க ஏறத்தாழ 92,000 பவுண்டு ஆனது. அந்நாட்டுப் பொதுச் சுகாதாரம் அன்று வழக்கமாக ஏற்ற 30,000 பவுண்டு வரம்பைப் போல மூன்று மடங்கு அது.

இந்த இரண்டு முடிவுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். கண்காணிப்பு உயிரைக் காத்திருக்கலாம். அதைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. ஆனால் தனியாக ஒரு வீட்டில் மூச்சிரைக்க உட்கார்ந்திருக்கும் முதியவரின் பயத்தை எடை எந்திரம் அனுப்பும் எண் குறைக்கவில்லை. முழுமையான கவனிப்பு என்று இன்று எல்லா மருத்துவமனைகளும் பேசுகின்றன. பல இடங்களில் அதற்குப் பொருள், ஒரே செயலியில் இதய நிபுணர், உணவியல் நிபுணர், யோகா ஆசிரியர் என்று பொத்தான்களைக் கூட்டிக்கொண்டே போவது. லண்டன் செவிலியராகத் தொடங்கி மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், 1960களில் சாகும் தறுவாயில் உள்ளவர்களின் வலியைப் பற்றி எழுதும்போது, உடம்பின் வலி, மனத்தின் வலி, குடும்பத்தையும் பணத்தையும் பற்றிய கவலை, வாழ்வின் பொருள் பற்றிய தவிப்பு நான்கும் ஒரே வலியாகவே வருகின்றன என்றார். நான்கையும் நான்கு ஜன்னல்களில் தனித்தனியே பார்த்தால் அந்த ஒரே வலியை யாருமே பார்த்திருக்க மாட்டார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த ஆபிரகாம் வர்கீஸ், 2008இல் எழுதிய ஒரு கட்டுரையில், கணினிக்குள் உள்ள நோயாளிக்குக் கிடைக்கும் கவனிப்பு படுக்கையில் உள்ள நோயாளிக்குக் கிடைப்பதில்லை என்று வருந்தினார். அவர் சொன்னது பெரிய மருத்துவமனைகளின் வார்டுகளைப் பற்றி. தொலைமருத்துவத்தில் படுக்கையே கண்ணில் படாது என்பதால் அந்த எச்சரிக்கை இங்கே இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது.

மனநோய்க்கு வந்தால் இது இன்னும் துலக்கமாகத் தெரியும். 2015-16இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநலப் பிரச்சினை உள்ளவர்களில் சிகிச்சை கிடைக்காதவர்கள் நோய்க்கு நோய் மாறுபட்டு 70 முதல் 92 சதவீதம் வரை. சாரதா மேனன் 1984இல் சென்னையில் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பு, 2010இல் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே ஒரு சிறு ஆலோசனை அறை, திரை, மருந்தகம். மனநல மருத்துவர் சென்னையில் இருந்தபடி பேசுவார். மருந்து பேருந்திலேயே இலவசமாகக் கிடைக்கும். பேருந்தைப் பற்றித்தான் எல்லோரும் எழுதினார்கள். பேருந்து வராத நாட்களில் ஊருக்குள் நடந்த உள்ளூர்ப் பணியாளர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியது அதிகம். மனச்சிதைவு உள்ள ஒருவரின் வீட்டுக்குப் போகிறவர் முதலில் பார்ப்பது நோயாளியை அல்ல. மாடத்தில் மாத்திரை அட்டை பிரிக்கப்படாமல் இருக்கிறதா, தாய்க்கு முகத்தில் களைப்பு எவ்வளவு, தனித்தட்டா பொதுத்தட்டா, முன் வாசலில் உட்கார விடுகிறார்களா, பின்கட்டிலேயே வைத்திருக்கிறார்களா. மருந்து சாப்பிட்டால் கை நடுங்குகிறது, நாளெல்லாம் தூக்கம் வருகிறது என்று நிறுத்தியிருப்பார்கள். அதைத் திரையில் மருத்துவரிடம் சொல்லக் கூச்சம். ‘சாப்பிடுறாங்களா?’ என்று கேட்டால் ‘சாப்பிடுறான்’ என்றுதான் தாய் சொல்வார். அட்டையைப் பார்த்த பணியாளர் அடுத்த வாரம் மருத்துவரிடம் சொன்ன பிறகுதான் மருந்து மாறும்.

அப்படிப்பட்ட பணியாளர்களால் என்ன மாறுகிறது என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கோவா, மகாராஷ்டிரத்தின் சாத்தாரா, தமிழ்நாட்டின் காஞ்சிபுரம் ஆகிய இடங்களில் மனச்சிதைவு உள்ள 282 பேரை வைத்து நடந்த ஆய்வு 2014இல் லான்செட் இதழில் வந்தது. மருத்துவமனைச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட, அதோடு வீட்டுக்கு வரும் சமூகப் பணியாளரின் துணையும் பெற்றவர்களுக்கு முன்னேற்றம் சற்றுக் கூடுதலாக இருந்தது, குறிப்பாக அன்றாட வேலைகளைச் செய்யும் திறனில். அந்தப் பணியாளர்கள் மனநல மருத்துவம் படித்தவர்கள் அல்ல. சில வாரப் பயிற்சி பெற்ற உள்ளூர்வாசிகள். முன்னேற்றம் ‘சற்று’ என்பதை மறைக்கக் கூடாது. பத்தாண்டு நோயில் ஒருவர் மறுபடி கடைக்குப் போய்ச் சில்லறை வாங்கி வருவதற்கு அந்தச் ‘சற்று’ போதுமானதாக இருக்கலாம்.

2022 அக்டோபர் 10 முதல் 14416 என்ற எண்ணில் அரசின் மனநல ஆலோசனை எந்நேரமும் கிடைக்கிறது. நள்ளிரவில் தற்கொலை எண்ணத்தோடு போராடும் ஒருவருக்கு அந்தக் குரல் மிகப் பெரிய ஆதரவு, அதை யாரும் குறைத்துப் பேசக் கூடாது. ஆனால் அழைக்கத் தனி இடமும் தனிக் கைபேசியும் வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தாமே பயன்படுத்தும் கைபேசி வைத்திருந்த தமிழ்நாட்டுப் பெண்கள் 74.6 சதவீதம். இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருந்தவர்கள் 46.9 சதவீதம். கைபேசி இல்லாத மீதிப் பேர் கணவரிடமோ மகனிடமோ கேட்டு வாங்கித்தான் பேச வேண்டும். வெள்ளைப்படுதல், கருக்கலைப்பு, அடி வாங்கிய காயம், இவற்றைப் பற்றி மகன் கையில் பிடித்திருக்கும் கைபேசியின் ஒலிபெருக்கியில் எந்தப் பெண் பேசுவாள்? கிராம சுகாதார செவிலியர் கொல்லைப்புறத்தில் நின்று இரண்டு நிமிடம் தனியாகக் கேட்டால் சொல்லிவிடுவாள்.

தமிழ்நாடு 2020இல் நடத்திய ஆய்வு, வயது வந்தோரில் 33.9 சதவீதம் பேருக்கு ரத்தக்கொதிப்பு என்றும், அதைக் கட்டுக்குள் வைத்திருப்பவர்கள் அவர்களில் 7.3 சதவீதமே என்றும் காட்டியது. சர்க்கரையில் கட்டுக்குள் இருந்தவர்கள் 10.8 சதவீதம். மாத்திரை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். வேலை நாளில் அரை நாள் கூலியை விட்டு வரிசையில் நிற்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கியது. பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிப் போய் பிரஷரும் சுகரும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். படுத்த படுக்கையாக உள்ளவர்களுக்கு நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வருகிறார்கள், வீட்டிலேயே டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அதற்கான பைகள் வருகின்றன. 2023-24இல் மறுபடி அளந்தபோது ரத்தக்கொதிப்பு கட்டுக்குள் இருந்தவர்கள் 17 சதவீதம், சர்க்கரையில் 16.7 சதவீதம். உயர்ந்திருக்கிறது, இன்னும் மிகவும் குறைவு. இந்தத் திட்டத்தை யாரும் தொலைமருத்துவம் என்று அழைப்பதில்லை. அழைக்க வேண்டும் என்பது என் வாதமும் அல்ல. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார வேண்டிய ஆளை ஊர் ஊராக உருவாக்கிவிட்டு, அவர் கையில் திரையைக் கொடுக்காமல் இருக்கிறோம் என்பதே என் குறை. தன்னார்வலர் கண்ட புண்ணின் படம் அன்றைக்கே ஒரு மருத்துவரின் கண்ணுக்குப் போய், அவருக்கே பதில் திரும்பி வர வேண்டும். இப்போது எண்கள் மேலே போகின்றன, பதில் கீழே வருவது அரிது.

கீழே என்ன வர வேண்டும் என்பதற்கு நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் அனுபவம் உதவும். அங்கே ஆல்புகர்க் நகரில் கல்லீரல் மருத்துவர் சஞ்சீவ் அரோராவின் கிளினிக்கில் ஹெபடைடிஸ் சி நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2003இல் அவர் நோயாளிகளைத் திரைக்கு அழைக்காமல், ஊரக மருத்துவர்களையும் செவிலியர்களையும் சிறைச்சாலை மருத்துவர்களையும் வாரந்தோறும் திரைக்கு அழைத்தார். அவர்கள் தங்கள் நோயாளியைப் பற்றிச் சொல்வார்கள், எல்லோரும் சேர்ந்து விவாதிப்பார்கள். 2011இல் வெளியான ஒப்பீட்டில் 407 நோயாளிகள் இருந்தார்கள். பல்கலைக்கழகக் கிளினிக்கில் குணமானவர்கள் 57.5 சதவீதம், ஊரக மையங்களிலும் சிறைகளிலும் 58.2 சதவீதம். நிபுணரின் முகத்துக்குப் பதிலாக நிபுணரின் அறிவு பயணம் செய்தது. அது நோயாளியைத் தெரிந்த கையிலேயே தங்கியது.

நம் தன்னார்வலருக்கு மாதம் சில ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. நிரந்தரப் பணியாளர் என்ற தகுதி இல்லை. அவர் பிரஷர் கருவியின் பட்டையைத் தளர்வாகக் கட்டி அளவு தவறிப்போய், அந்த அளவை நம்பி மருத்துவர் மருந்தைக் கூட்டி, நோயாளி மயங்கி விழுந்தால் பொறுப்பு யாருக்கு? 2020 நெறிகள் மருத்துவரின் கடமைகளை விரிவாகச் சொல்கின்றன. பக்கத்தில் இருக்கும் ஊழியருக்கு எத்தனை மணி நேரப் பயிற்சி, யார் சான்று தர வேண்டும், அவர் தவறினால் அவரைக் காப்பது எது என்பவற்றில் அவை சொல்வது மிகக் குறைவு. அடுத்த திருத்தத்தில் அந்தப் பகுதி எழுதப்பட வேண்டும். ஆண்டுதோறும் மாவட்டச் சுகாதாரச் சங்கங்கள் தொலைமருத்துவத்துக்கென்று கேட்கும் தொகையில் கணினிக்கு எவ்வளவு, மென்பொருளுக்கு எவ்வளவு, அந்தப் பெண்களின் சம்பளத்துக்கும் பயிற்சிக்கும் எவ்வளவு என்று தனித்தனியே காட்டச் சொல்ல வேண்டும். பாதப் பரிசோதனைக்கான நைலான் இழை ஒவ்வொருவர் பையிலும் இருக்க வேண்டும், அதை எத்தனை காலில் வைத்துப் பார்த்தார் என்பது எத்தனை காணொளி அழைப்புகள் நடந்தன என்ற எண்ணுக்குப் பக்கத்திலேயே மாத அறிக்கையில் வர வேண்டும்.